நாளை மாலைக்குள்

பெரியக்கா நின்றுகொண்டு போன் பேசமாட்டாள். தங்கைக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். போன் மணி அடித்தால் வீட்டில் மற்றவர்கள் போனைத் தேடுவார்கள். பெரியக்கா நாற்காலியைத் தேடுவாள். அதை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எதிரே மேசையில் கிடக்கும் டம்ளரையோ சீப்பையோ ஓரமாகத் தள்ளி, இடது உள்ளங்கையை அந்தக் காலி இடத்தில் பரத்தி வைத்த பிறகுதான் "சொல்லுங்க" என்பாள். அதற்குள் பாதி அழைப்புகள் அறுந்துபோயிருக்கும். வேறு நகரத்தில் குடித்தனம் நடத்தும் நடு அக்கா இதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தாள். முதலில் ஒரு தடவை அடித்து வைத்துவிடுவாள். "அது அவளை உட்கார வைக்கிறதுக்கு. ரெண்டாவது தடவைதான் பேசுறதுக்கு" என்பாள். துணி துவைக்கும்போது போன் வந்தால் பெரியக்கா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவாள். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் உட்கார இடமில்லாமல், மணி அடித்து ஓயும்வரை போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏன்க்கா, நின்னுட்டுப் பேசினா வார்த்தை கீழ விழுந்துடுமா?" என்று தங்கை கேட்டாள்.

"அவசரம் வந்துடும்டி. கால்ல இருக்கிற அவசரம் குரல்ல ஏறிடும். எதிர்ல இருக்கிறவங்களுக்கு அது கேட்டுடும்."

அவள் வேலையே போன்தான். நகரத்துக்குக் குடிநீர் வழங்கும் அலுவலகத்தில் புகார் அறை என்று ஒன்று உண்டு. பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு அதில் சேர்ந்தவள். முதல் மாடியில் நீளமான கூடம். தடுப்புப் பலகை வைத்துப் பிரித்த இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கணினி, ஒரு ஹெட்செட். காதில் படும் பஞ்சு கிழிந்துபோன ஹெட்செட்டுகளுக்குச் சிலர் பழைய காலுறையை வெட்டித் தைத்துப் போட்டிருந்தார்கள். சுவரில் இருக்கும் திரை, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதைச் சிவப்பு எண்ணில் காட்டிக்கொண்டே இருக்கும். காத்திருப்பவர்களில் எல்லா ரகமும் உண்டு. குழாயைத் திறந்தால் காற்று வருகிறது, அதுவும் சூடாக வருகிறது என்பவர். தெருவில் குழாய் உடைந்து ஆறாக ஓடுகிறது, என் வீட்டுக்குள் மட்டும் சொட்டு இல்லை, இது எந்த ஊர் நியாயம் என்பவர். எங்களுக்குத் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்கு இன்னும் நன்றாக வருகிறது என்று புகார் பதிபவர். இடையிடையே, பிறந்த வீட்டையும் சேர்த்து இழுத்து வாய்க்கு வந்தபடி திட்டுபவர்கள்.

யார் என்ன சொன்னாலும் கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க வேண்டும் என்பது விதி. "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. நாளை மாலைக்குள் சரிசெய்யப்படும்." பேச்செல்லாம் பதிவாகும். அந்த வாக்கியம் விட்டுப்போனால் மதிப்பெண் குறையும்.

அந்த அறைக்கே அவள் பெரியக்கா ஆனதற்குத் தங்கைதான் காரணம். பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் வீட்டுச் சாவி வாங்கப் போனவள், வாசலில் நின்று "பெரியக்கா!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டாள். கூடமே சிரித்தது. மறுநாளிலிருந்து எல்லாருக்கும் அவள் பெரியக்கா. பக்கத்து இருக்கைக்காரர் வயதில் மூத்தவர். அவரும் அப்படியே கூப்பிட்டார். அவருக்கு அந்த அறையில் வைத்திருந்த பெயர் இடி. அவர் குரலுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும் என்பார்கள்.

பெரியக்கா ஒரு வழக்கத்தை அங்கே கொண்டுவந்திருந்தாள். யாராவது மோசமான அழைப்பு ஒன்றை முடித்துவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றாமல், அடுத்த பொத்தானை அழுத்தாமல், திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவள் தன் இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள்.

"ஏம்மா, கொஞ்சம் மேல போய் டேங்க் நிரம்பிடுச்சான்னு பார்த்துட்டு வாயேன்."

மொட்டை மாடியில் இருந்த அந்த டேங்குக்குத் தானாக நிற்கும் மிதவை உண்டு. அது நிரம்பினால் என்ன, நிரம்பாவிட்டால் என்ன, யாரும் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. புதிதாக வந்தவர்கள் மட்டும் உண்மையிலேயே ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்த்து, "பாதி இருக்குக்கா" என்று மூச்சு வாங்க வந்து சொல்வார்கள். போகப்போகப் புரிந்துவிடும். மேலே காற்று அடிக்கும். கொடியில் யாருடைய துண்டோ காயும். தூரத்தில் ரயில் போவது தெரியும். அழ வேண்டியவர்கள் அழுவார்கள். திரும்பி வந்தால் பெரியக்கா ஒன்றும் கேட்கமாட்டாள். "எவ்வளவு இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். "முக்கால் டேங்க்" என்பது நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அடையாளம். "அடியில கொஞ்சம்தான்" என்றால் அன்றைக்கு அவருடைய அழைப்புகளில் பாதி, எப்படியோ, பெரியக்காவுக்கும் இடிக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த ரகசியம் தெரியாத ஒரே ஆள் மேலாளர். நல்ல மனிதர். ஒரு குறை என்று காதில் விழுந்தால் உடனே சரிசெய்துவிட வேண்டும் அவருக்கு. தினமும் இத்தனை பேர் மாடிக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு, டேங்கில்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்தார். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற அலுவலகத்தில் டேங்க் ரிப்பேர் என்று வெளியே தெரிந்தால் மானம் போகுமே என்று, யாரிடமும் கேட்காமல் புது டேங்க் வாங்கிப் போட்டார். அதற்கும் ஓட்டம் நிற்கவில்லை. கடைசியில் டேங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று புகார் அறையிலேயே பார்த்துக்கொள்ளும்படி ஒரு சின்ன விளக்குப் பலகையைச் சுவரில் மாட்டிவிட்டார்.

"இனிமே யாரும் படியேறிக் கஷ்டப்பட வேண்டாம்" என்றார் மேலாளர், முகமெல்லாம் சிரிப்பாக.

மறுநாள் அந்தப் பலகை எரியவில்லை. வயரை எலி கடித்துவிட்டது என்று இடி சத்தியம் செய்தார். அந்த எலிக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து மேலாளருக்கு டேங்க் சார் என்று பெயர்.

தங்கை அந்த அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தது இதற்குப் பிறகுதான். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். உளவியல் படித்தாள். வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று தெரியவில்லை. "மனசைப் பத்திப் படிக்கிறா" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்ல, அவர்கள் இவள் முன்னால் ஜாக்கிரதையாக நினைக்க ஆரம்பித்தார்கள். படித்து முடித்து, விண்ணப்பித்து, தேர்வு எழுதி, கீழ்த்தளத்தில் ஊழியர் நலப் பிரிவில் ஒரு மேசை கிடைத்தது. முதல் நாள் மாடிப்படியில் எதிர்ப்பட்ட பெரியக்கா, "வணக்கம் மேடம்" என்று கை கட்டி நின்றாள்.

"ஏய் அக்கா, மானத்தை வாங்காதே."

"சரிங்க மேடம். சாப்பாட்டு டப்பாவை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்க மேடம். என் பையில இருக்கு மேடம்."

ஊழியர்களின் மனநலத்துக்கு ஒரு திட்டம் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, படித்த படிப்புக்கு வேலை வந்துவிட்டது என்று தங்கை மகிழ்ந்தாள். வெளி நிறுவனம் ஒன்றோடு ஏற்பாடு செய்தாள். ஊழியர்கள் யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் ஓர் எண்ணுக்குப் போன் செய்து ஆலோசகரிடம் பேசலாம். பேர் சொல்ல வேண்டாம், ஆலோசகரும் பேர் சொல்லமாட்டார். போஸ்டர் அச்சடித்துப் படிக்கட்டு முழுக்க ஒட்டினாள். ஆனால் பகல் முழுக்க ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசிவிட்டு வருகிறவர்களை, மனசு சரியில்லை என்றால் இன்னொரு போன் பண்ணு என்று சொல்கிறோமே என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. இடிக்கு உறைத்தது.

"பாப்பா, கிணத்துல விழுந்தவனுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கிற மாதிரி இருக்கே" என்றார்.

அந்த வருடக் கோடை நீண்டது. ஏரி வற்றியது. சிவப்பு எண் இறங்கவே இல்லை. டேங்க் உண்மையிலேயே காலியாகிவிட்டதால், மேலே போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொன்னால் சிரிப்பு வரவில்லை. இருந்தும் பெரியக்கா ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் அனுப்புறீங்க, நீங்க எப்போ போவீங்க?" என்று இடி கேட்டார்.

"எனக்கு முட்டி வலி" என்றாள் அவள்.

அந்த நாட்களில்தான் ஒருவர் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். படுக்கையில் கிடக்கும் தாயாரைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்பவர். வரிசைப்படி யாருக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய அழைப்பு. ஆனால் அவர் பெரியக்காவின் குரலைக் கேட்டு வைத்துக்கொண்டு, அவள் கிடைக்கும்வரை வைத்து வைத்து அடிப்பார். கத்தமாட்டார். குரலை உயர்த்தக்கூட மாட்டார். "அம்மா, நேத்து நீங்கதானே சொன்னீங்க? சரி, இன்னைக்கு மாலைவரைக்கும் பார்க்கிறேன்" என்பார். பெரியக்கா புகாரைப் பதிந்துகொண்டு, விதிப்படி, நாளை மாலைக்குள் சரிசெய்யப்படும் என்பாள். அவர் நன்றி சொல்லி வைப்பார். மறுநாள் மறுபடியும் வருவார். அந்தப் பகுதிக்குத் தண்ணீர் விடப்போவதில்லை என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும்.

தங்கைக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வேறு. பெரியக்கா குளியலறைக்குள் போனால் வர நேரமாயிற்று. சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோலம் போட்டுவிட்டு எழுந்துபோனாள். நடு அக்கா இரண்டு தடவை, மூன்று தடவை அடித்தும் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் காலையில் தங்கை கண்ணால் பார்த்தாள்: பெரியக்கா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்திருந்தாள். பக்கத்திலேயே நாற்காலி இருந்தது. அவள் "சொல்லுங்க" என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. மறுமுனையில் நடு அக்கா "ஹலோ, ஹலோ" என்று கத்துவது தங்கை நின்ற இடம்வரை கேட்டது.

அன்றைக்கே டேங்க் சார் தங்கையைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, உட்காரச் சொன்னார்.

"உங்க அக்கா அழைப்பு எடுக்கிறதே இல்லம்மா. கை பொத்தான்கிட்ட போகுது, அழுத்த மாட்டேங்குது. பக்கத்து சீட்டுக்காரர்தான் ரெண்டு பேர் வேலையையும் பார்க்கிறார். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். இந்த மாசக் கடைசிவரைக்கும் நான் கண்ணை மூடிக்கிறேன். அப்புறம் மீட்டர் கிடங்குக்கு மாத்திடலாம். அங்க போனே கிடையாது. நிம்மதியா இருக்கலாம்."

அவர் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். புது டேங்க் வாங்கிப் போட்டதும் அப்படித்தானே. மீட்டர் கிடங்கு என்பது கட்டடத்தின் பின்னால், ஓடாத மீட்டர்களைப் போட்டு வைக்கும் தகரக் கொட்டகை. அங்கே அனுப்பினால் பெரியக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டாள், போய் உட்கார்ந்துகொள்வாள். ஓடாதவற்றோடு தன்னையும் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாள். அதற்குப் பிறகு அவளை வெளியே கொண்டுவர யாராலும் முடியாது.

தேர்வில் இந்தக் கேள்விக்கு அவள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்: உடன் பணிபுரிபவர் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கண்டால் என்ன செய்வீர்கள்? நல்ல மதிப்பெண்கூட வாங்கினாள். அந்த விடையில் அக்கா என்று யாரும் வரவில்லை. எதிரே உட்கார்ந்து இதைப் பேசினால், நான் தங்கையாகப் பேசுகிறேனா, கீழ்த்தளத்து மேடமாகப் பேசுகிறேனா? கேட்டால் உடைந்துவிடுவாளோ? கேட்காமல் இருந்தால்? இரண்டு நாள் இதையே உருட்டிக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் விடுமுறை மதியத்தில், துணி மடித்துக்கொண்டிருந்த பெரியக்காவிடம் போய் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ தூங்குறதே இல்ல. எனக்குத் தெரியும்."

"வெயில்டி. யாருக்குத்தான் தூக்கம் வருது?"

"உனக்கு உடம்பு சரியில்ல. காய்ச்சல் மாதிரி இதுவும் ஒண்ணு. வைத்தியம் இருக்கு. உன்மேல தப்பு இல்ல."

பெரியக்கா மடித்த துணியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"நான் யாருக்கும் பாரமா இல்லையே."

"பாரம்னு யாரு சொன்னா? இடி அண்ணன் தொண்டை கட்டிக்கிட்டு ரெண்டு சீட்டு வேலை பார்க்கிறாரு. அவரு பாரம்னு சொன்னாரா?"

தன் வேலையையும் இடிதான் பார்க்கிறார் என்பது பெரியக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு, "போஸ்டர்ல போட்டிருக்கியே ஒரு நம்பர். அதுல பேசணுமா?" என்றாள்.

"பேசினா நல்லது."

"உன் திட்டத்துக்கு ஒரு ஆளாவது பேசினாங்கன்னு கணக்குக் காட்டணும், அதானே?"

"ஆமா. உன்னாலதான் எனக்குப் பதவி உயர்வே வரணும். பேசு."

பெரியக்கா சிரித்தாள். கொஞ்சம்தான், ஆனால் பல நாளைக்குப் பிறகு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தங்கை சமையலறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு, அதன் பின்னாலேயே நின்றாள். ரகசியம் காக்கப்படும் என்று போஸ்டரில் பெரிய எழுத்தில் அச்சடித்தவள் அவள்தான். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

மறுமுனையில் எடுத்தார்கள். ஒரு பெண் குரல், மெல்லிசாக, என்னவோ கேட்டது.

"வணக்கம். சொல்லுங்க" என்றாள் பெரியக்கா.

தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தனை வருடப் பழக்கம் வாயில் இருந்து வந்துவிட்டது. மறுமுனையில் அந்தப் பெண்ணும் தடுமாறியிருக்க வேண்டும். பெரியக்கா விடவில்லை.

"இல்லம்மா, நீங்க சொல்லுங்க. உங்க குரல் ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா இல்லையா?... என்னது, காலையிலிருந்தா?... ஏன், உங்களை மாத்திவிட ஆள் வரலையா?... அடடா... வீட்டுலயும் ஓய்வு இல்லையா... அப்படியா, எத்தனாவது மாடி?... மூணாவது மாடிவரைக்கும் குடத்தைத் தூக்கிட்டா ஏறுறீங்க? மோட்டார் போட்டும் ஏறலையா?"

அதற்குப் பிறகு யாராலும் தடுத்திருக்க முடியாது. இடது கை மேசைமேல் பரந்தது. முதுகு நிமிர்ந்தது. மனச்சோர்வுக்கு ஆலோசனை கேட்கக் கூப்பிட்டவள், ஆலோசனை சொல்ல வேண்டியவளிடம் தண்ணீர் புகார் வாங்கிக்கொண்டிருந்தாள். எந்தப் பகுதி, எந்தத் தெரு, பக்கத்தில் அடையாளம் என்ன. குரலில் ஒரு கலக்கமும் இல்லை. கனிவும் கண்டிப்புமாக, புகார் அறையில் கேட்கிற அதே குரல். தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நம் திட்டத்துக்குக் கிடைத்த முதல் வெற்றி இதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்க புகார் பதிவு செய்யப்பட்டது. நாளை..."

பெரியக்கா நிறுத்தினாள்.

"நாளை..." என்றாள் மறுபடியும். பரத்திய உள்ளங்கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது கதவிடுக்கு வழியே தெரிந்தது. அந்தப் பெண் என்னவோ கேட்டாள். ஒரே ஒரு கேள்வி. என்ன கேட்டாள் என்று பின்னாளில் பெரியக்காவே சொன்னாள்: "அக்கா, இந்த வார்த்தையை இதுக்கு முன்னாடி யாருக்குச் சொன்னீங்க?"

பெரியக்கா அழுதாள். அம்மா இறந்தபோதுகூட வரும் ஆட்களுக்கு உட்கார இடம் போட்டுக்கொண்டிருந்தவள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்குமே என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். பிறகு அந்த மனிதரைப் பற்றிச் சொன்னாள். "திட்டியிருந்தா தேவலைங்க. திட்டுறவன் பேச்சு இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுடுவேன். அவரு என்னை நம்புறாருங்க. நான் பொய் சொல்றேன்னு எனக்குத் தெரியும். தினமும் தெரிஞ்சே சொல்றேன். அவரு நன்றி சொல்லி வைக்கிறாரு."

இதற்கு மேல் கேட்கக்கூடாது என்று தங்கைக்குத் தோன்றியது. பின்வாசல் வழியாக இறங்கித் தெருவுக்குப் போய், அழுகை அடங்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, தேவையே இல்லாமல் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். வரும்போது பெரியக்கா முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட போகணும்னு சொல்லுது அந்தப் பொண்ணு. நீயும் கூட வர்றியா?"

"வர்றேன்."

"மேடமாவா, தங்கச்சியாவா?"

"ரெண்டு பேருமே வர்றோம்."

டாக்டர் மாத்திரை எழுதினார், விடுப்பு எழுதினார். வாரம் ஒரு தடவை மருத்துவமனையில் ஒருவரோடு உட்கார்ந்து பேச ஏற்பாடு செய்தார். முதல் வாரங்களில் பெரியக்கா சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். அந்த நாட்களில் தங்கை தன் படிப்பைப் பற்றிப் பலமுறை யோசித்தாள். படித்ததால் அக்காவைக் காப்பாற்றினேனா, அல்லது படித்தும் இவ்வளவு தாமதமாகத்தான் பார்த்தேனா? இரண்டுமே உண்மை போல இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அக்காவைப் படுக்கையில் தள்ளியது அந்த வாக்கியம். அதைப் போஸ்டரும் போனும் வைத்துச் சரிசெய்ய முடியாது.

டேங்க் சாரிடம் போனாள். மனச்சோர்வு, பணியழுத்தம் என்றெல்லாம் ஆரம்பித்தவள், அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"சார், ஒரு நாளைக்கு நூறு பேருக்கு, நடக்காதுன்னு தெரிஞ்சே ஒரு வாக்குக் குடுங்க. வேண்டாம், பத்துப் பேருக்குக் குடுங்க. நாளைக்கு அதே பத்துப் பேரு உங்களைக் கூப்பிட்டா?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"நானே ஒருநாள் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார்.

உட்கார்ந்தார். மதியம்வரை தாக்குப்பிடித்தார். பிறகு எழுந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போனார். இடி பின்னாலேயே போய், "டேங்க்ல எவ்வளவு இருக்கு சார்?" என்று கேட்டாராம். அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்குத்தானாய்யா எல்லாரும் வந்தீங்க?" என்றாராம்.

மேலிடத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒருவழியாக வாக்கியம் மாறியது: "உங்கள் புகாரைப் பதிந்துகொண்டேன். தண்ணீர் எப்போது வரும் என்று எனக்கு இப்போது தெரியாது. தெரிந்ததும் சொல்கிறோம்." திட்டு குறையவில்லை, முதல் வாரம் கூடியது. ஆனால் பொய் சொல்லாமல் திட்டு வாங்குவது வேறு என்று அறையில் எல்லாரும் சொன்னார்கள். கடினமான அழைப்புக்குப் பிறகு எழுந்துபோக யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம் என்றும் விதி வந்தது. மாடியில் டேங்க் சார் ஒரு பெஞ்சு போட்டுவைத்தார்.

பெரியக்கா மீட்டர் கிடங்குக்குப் போகவில்லை. முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று தன் இருக்கைக்கே திரும்பினாள். சில நாட்கள் இருண்டே இருந்தன. அன்றைக்கு அவளே எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போவாள். "எவ்வளவு இருக்கு பெரியக்கா?" என்று முழு அறையும் கோரஸாகக் கேட்கும். "உங்க எல்லாரையும் குளிப்பாட்டுற அளவு இருக்கு" என்பாள். தாயாரை வைத்திருந்தவரின் அழைப்பை விடுப்பு நாட்களில் இடிதான் எடுத்தார். தண்ணீர் வராது என்று முதல் முறையாக ஒருவர் நேராகச் சொன்னதும், அவர் தாயாரைச் சகோதரி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். "முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னாராம்.

அப்படியே பல வருடங்கள் வேலை பார்த்து, போன மாதம் பெரியக்கா ஓய்வு பெற்றாள். கடைசி நாள் மாலை எல்லாரும் கிளம்பிய பிறகும் கணினியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அழைத்துப் போக வந்த தங்கை எட்டிப் பார்த்தாள். திரையில் பாதி நிரப்பிய ஒரு புகார்.

"யாருதுக்கா?"

"அந்தப் பொண்ணோடது. அன்னைக்கு அழுதுட்டேன்ல, கதவு எண் கேக்காம விட்டுட்டேன்."

ஆலோசனை எண்ணுக்கு மறுநாளே அவள் அடித்துப் பார்த்திருக்கிறாள். ஓர் ஆண் குரல் எடுத்தது. இன்னொரு நாள் வேறொரு பெண். ஆலோசகர்களின் விவரம் தர இயலாது என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தங்கையும் அலுவலக முத்திரையோடு கேட்டுப் பார்த்தாள். பிறகு அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தமே முடிந்துபோனது. தெருவுக்கு ஆள் அனுப்பினால், அந்தத் தெரு முழுக்க மாடி வீடுகள். மூன்றாவது மாடி இல்லாத வீடே இல்லை. தட்டிய கதவுகளில் எல்லாம் தண்ணீர் வருகிறது என்றார்கள். திறக்காத கதவுகளும் இருந்தன.

"பேரு வச்சாவது தேடலாம்னா, பேரைச் சொல்லக்கூடாதுன்னு நீதானே ரூல் போட்டே" என்றாள் பெரியக்கா.

"நான்தான் போட்டேன்."

"எனக்கு அவ்வளவு பண்ணிச்சு அந்தப் பொண்ணு. நான் பதிவு செய்யப்பட்டதுன்னு சொன்னேன். பதிவே பண்ணல."

கதவு எண் இல்லாமல் கணினி புகாரை ஏற்காது. ஏற்கவில்லை. பெரியக்கா ஒருமுறை பார்த்துவிட்டு அணைத்தாள். எந்த வீட்டின் மூன்றாவது மாடிக்கு அன்று தண்ணீர் ஏறவில்லை, இன்றாவது ஏறுகிறதா என்று அவர்கள் இருவருக்கும் இதுவரை தெரியாது.